இரண்டாம் பாதி இழுவை

...இழுவைதான், கழுத்தில் கத்தியை வைத்துக் கேட்டாலும் இழுவை என்றுதான் சொல்லுவான், முதல் பாதி அவ்வளவு அருமையாகப் போய்க்கொண்டிருக்கும்போது தாளத்தைச் சட்டென்று உருவிவிட்டு வெறும் உறுமலை மட்டும் அப்படி நீட்டிக்கொண்டே போனால் ஆட வந்த பிள்ளைகள் என்ன செய்யும், சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்குமா... ஆனால் இன்றைக்கு இதைச் சொல்லக் கூடாது, செத்தாலும் சொல்லக் கூடாது, இரண்டு வருஷத்துக்கு முன்னால் சொன்னதற்கே இந்தத் தண்டனை, இன்னொரு தரம் சொன்னால் அவ்வளவுதான். புக்கிட் பாஞ்சாங்கில் ரயில் ஏறியதிலிருந்து டெஸ்மண்ட் இதைத்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டு வருகிறான், உதடு அசைவதைக்கூட அறியாமல்: யும்னா, உன்னோட அந்த ட்ராக்ல ரெண்டாவது பாதி, இப்ப கேட்டா நல்லாத்தான் இருக்கு, நான்தான் அவசரப்பட்டுட்டேன்... 'நல்லாத்தான்' என்பதில் அந்த 'தான்' கொஞ்சம் உதைக்கிறதே, வேண்டாவெறுப்பாகச் சொன்ன மாதிரி, சரி, 'நல்லா இருக்கு' என்று மொட்டையாகச் சொன்னால் பொய் என்று அந்த நிமிஷமே கண்டுபிடித்துவிடுவாள், அவளுக்குக் காது அப்படி. எதிர் இருக்கைச் சீனத்து அம்மா அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பையை மடிக்கு இழுத்துக்கொண்டார். முப்பத்தேழு வயது ஆள், கறுப்புச் சட்டை, கழுத்தில் இட்லித் தட்டு அளவுக்கு ஹெட்ஃபோன், தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டு வந்தால் யார்தான் பார்க்க மாட்டார்கள்.

ஒரு பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதற்காக ஒருத்தி பேச்சையே நிறுத்திவிடுவாளா? அதுவும் யார், யும்னா, ஊரில் இருக்கிற அத்தனை டிஜேக்களையும் முகத்துக்கு நேராகக் கிழித்துத் தொங்கவிட்டவள். 'லிஃப்ட் லாபி' என்ற அந்த வலைப்பூவை ஆரம்பித்ததே அவள் யோசனைதான். வீவக அடுக்குமாடி புளோக்குகளின் கீழே மின்தூக்கி வாசலில் பிள்ளைகள் ஒரு சின்ன ஸ்பீக்கரைச் சுற்றி உட்கார்ந்திருக்குமே, அதற்காக வைத்த பெயர். யார் எந்தப் படுக்கையறையில் கணினியை வைத்துக்கொண்டு என்ன பீட் போடுகிறான், எந்தக் கிடங்கில் எந்தச் சனிக்கிழமை ஆட்டம், பிள்ளைகள் என்ன உடுத்துகிறார்கள், எதற்குக் கூடுகிறார்கள், எதற்குக் கலைகிறார்கள், இதையெல்லாம் நாம எழுதலன்னா யாரு லா எழுதப்போறா, விளம்பரம் குடுக்கிறவன் சொல்றத எழுதத்தான் ஆள் இருக்கு என்று ஈசூன் காப்பிக் கடையில் மேசையைத் தட்டிச் சொன்னாள், தட்டியதில் தே தாரிக் டீ சிந்தி அவன் கால்சட்டை நனைந்தது. வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். பேட்டி எடுப்பது அவள் பாடு, யாரிடமும் போய் நின்று உனக்கு என்ன கஷ்டம், ஏன் இந்தப் பாட்டு, அப்பா அம்மா என்ன சொல்றாங்க என்று கூச்சமில்லாமல் விசாரிப்பாள், அந்தப் பிள்ளைகளும் பாதிரியாரிடம் சொல்லாததையெல்லாம் இவளிடம் கொட்டும். அவன் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பான், பாட்டைக் கேட்டு எழுதுவான், அவ்வளவுதான், ஒருத்தரிடமும் வாய் திறந்து ஒன்றும் விசாரிக்க மாட்டான், அது அவனுக்கு வராது. அவள் போன பிறகு லிஃப்ட் லாபியில் பேட்டியே வரவில்லை. யாராவது கவனித்தார்களா? கவனிக்க ஆள் இருந்தால்தானே... இப்போதெல்லாம் அவன் எழுத்துக்குக் கீழே வந்து பின்னூட்டம் போடுவது சுவாசக் கோளாறுக்கு மருந்து விற்கிற ஒரு விளம்பர இயந்திரம் மட்டும்தான், அதுகூட "அருமையான பதிவு" என்று சொல்லும்போது ஒரு கணம் மனசு குளிர்ந்துவிடுகிறது, கர்மம்.

தேக்காவில் இறங்கி மேலே வந்தால் ஞாயிற்றுக்கிழமை. பஃபலோ ரோட்டில் கால் வைக்க இடமில்லை, தோளோடு தோள் உரசிக்கொண்டு, ஊரைவிட்டு வேலைக்கு வந்த ஆண்கள், நடைபாதை விளிம்பில் உட்கார்ந்திருக்கிறார்கள், புல்லில் படுத்திருக்கிறார்கள், பாதிப் பேர் கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு ஊரில் இருக்கிற யாரையோ சாப்பிட்டியா, மருந்து போட்டியா, ஸ்கூல் ஃபீஸ் கட்டியாச்சா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தன் சிரிக்கிறான், ஒருத்தன் திரையில் இருக்கிற குழந்தைக்கு வாயைக் கோணிக் காட்டுகிறான். இத்தனை பேர் நடுவில் ஒருத்தரோடும் பேச வேண்டிய அவசியமில்லாமல் நடக்கிறவன் தான் ஒருத்தன்தான் என்று டெஸ்மண்டுக்குத் தோன்றியது, தோன்றியதும் வெட்கமாக இருந்தது, இவர்கள் மனைவி மக்களைப் பிரிந்து வந்து கிடக்கிறார்கள், உனக்கு என்னடா கேடு, ரயிலில் அரை மணி நேரத்தில் வீடு, வீட்டில் அம்மா. அம்மா... அந்தோனியம்மாள் இன்றைக்குப் பூசை முடிந்து திரும்பும்போதுகூட ஒன்றும் பேசவில்லை, முழங்காலைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். முன்பெல்லாம், அந்தப் புள்ள ஏன்டா வர்றதே இல்ல, யும்னா, என்று எப்போதாவது கேட்பாள், அவன் வேல அதிகம்மா என்பான், பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று பெயர், சோறாச்சா, ஆச்சு, கதவப் பூட்டுனியா, பூட்டிட்டேன், அதோடு சரி, மிச்சத்துக்கு அவளுக்கு டிவி, அவனுக்கு ஹெட்ஃபோன். வார நாட்களில் ஏர்கான் சர்வீஸ் கம்பெனியில் உட்கார்ந்து எந்த ஆள் எந்த வீட்டுக்கு என்று பிரித்துவிடுகிற வேலை, அங்கே மட்டும் பேசிப் பேசித் தொண்டை வறண்டுவிடும்.

சிராங்கூன் சாலையைக் கடக்கப் விளக்கில் பச்சை மனிதன் வரட்டும் என்று நின்றபோது அந்தப் பழைய பேச்சும் வந்து நின்றது, வேண்டாம் என்றாலும் வரும், இந்தப் பக்கம் வந்தாலே வரும். இதே தேக்காவில்தான், மீனும் காய்கறியும் விற்கிற ஈரச்சந்தைக்குப் பின்னால், அவள் புட்டுமாயம் என்கிற இடியாப்பத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், தேங்காய்ப்பூவைத் தனியாக ஒதுக்கிவிட்டுச் சீனியை மட்டும் தொட்டுத் தொட்டு. பேசாம நம்ம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலாம், வலைப்பூ வேலையாவது ஒழுங்கா நடக்கும் என்று அவன்தான் விளையாட்டாகச் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, சீரியஸா சொல்றியா என்றாள். ஆமா என்றான், சொன்ன பிறகுதான் ஆமா என்பது அவனுக்கே தெரிந்தது. நீ கிறிஸ்தவன், நான் முஸ்லிம், சும்மா இல்ல லா டெஸ், ரெண்டு வீட்டுலயும் பூகம்பம் வரும், வரட்டும், ஆனா ஒளிச்சு மறைச்சு எனக்கு வேணாம், நான் எங்க அத்தாவக் கேக்கிறேன், நீ உங்க அம்மாவக் கேளு, அவங்க என்ன சொல்றாங்களோ அதுக்கப்புறம் பேசிக்கலாம் என்றாள். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு கேக்கிறேன் என்று இவனும் வீராப்பாகச் சொன்னான். அந்த வாரத்திலேயே ஒரு புது ட்ராக் செய்து அனுப்பினாள், செம்பவாங் கப்பல் பட்டறைச் சங்கொலியை எடுத்து அடியில் போட்டு, எத்தனை அழகு, அவன் ஆபீஸிலும் பஸ்ஸிலும் அதன் முதல் பாதியையே போட்டுக்கொண்டு திரிந்தான். பிறகு அவளிடமிருந்து 'கேட்டியா?' என்று ஒற்றை வார்த்தை வந்தது. அவன் மனசில் இருந்ததைச் சொன்னான், இத்தனை வருஷமும் அப்படித்தானே சொல்லிக்கொண்டார்கள், ஒருத்தருக்கொருத்தர் பூசி மெழுகியதே கிடையாது: 'கேட்டேன். ரெண்டு தடவ கேட்டேன். பாதிக்கு மேல வேணாம், அங்கயே கட் பண்ணிடு. மனசுல வச்சுக்காத.' அதற்கு அவள் 'சரி' என்றாள். அதுதான் கடைசி. மறுநாள் வலைப்பூவிலிருந்து விலகிக்கொண்டாள், அவன் அழைத்தால் எடுக்கவில்லை. ஒரு பாட்டுக்காக, அதுவும் பாதிப் பாட்டுக்காக, கல்யாணப் பேச்சையே தூக்கிக் கடலில் போட்டுவிட்டாளே, இவ்வளவு தற்பெருமையா, நல்ல வேளை தப்பித்தோம் என்று ஒரு வருஷம் அவன் தன்னைத் தேற்றிக்கொண்டான், அடுத்த வருஷம் அந்தத் தேறுதலும் செல்லாமல் போயிற்று. இன்றைக்கு இங்கே ஒரு ஆட்டத்தில் அவள் பாட்டு வாசிக்கிறாள் என்று தெரிந்ததும் வருகிறான், அவளை மன்னித்துவிட வருகிறான், மன்னிப்புக் கேட்கவும் வருகிறான், எதை முதலில் செய்வது என்பதுதான் தெரியவில்லை.

டன்லப் ஸ்திரீட்டில் மளிகைக் கடைக்கு மேலே இரண்டாம் மாடி, குறுகலான மரப்படி, படியிலேயே அதிர்வு காலுக்கு வந்துவிட்டது. பட்டப்பகலில் ஆட்டம், பீர் கிடையாது, காப்பியும் தே தாரிக்கும்தான், இப்போது பிள்ளைகளுக்கு இதுதான் பிடித்திருக்கிறது, மூன்று மணிக்கு ஆரம்பித்து ஏழு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், மறுநாள் வகுப்பு இருக்கிறதாம். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த பெண்ணின் கழுத்து அட்டையில் கவிப்ரியா என்று இருந்தது, புருவத்தில் சின்ன வளையம், நகமெல்லாம் பச்சை.

"டிக்கெட் இருக்கா, அங்கிள்?"

அங்கிள். போன வருஷம் வரைக்கும் ப்ரோ, அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அண்ணா, இன்றைக்கு நேரே அங்கிள், நடுவில் ஒரு ஸ்டாப்பிங்கூட இல்லை. டிக்கெட் இல்லை, எழுத வந்திருக்கிறேன், லிஃப்ட் லாபி என்றான். அவள் முகம் யோசித்தது, பிறகு மலர்ந்தது, அந்த மலர்ச்சியைப் பார்த்து இவன் ஏமாந்துதான் போனான்.

"அய்யோ, அது இன்னும் இருக்கா? எங்க அக்கா செகண்டரி ஸ்கூல்ல படிக்கிறப்ப தினம் படிப்பா லா. சோ ஸ்வீட். உள்ள போங்க அங்கிள், ஃபேன் கிட்ட நில்லுங்க, சூடா இருக்கும்."

துளி நக்கல் இல்லை அந்தக் குரலில், அக்கறைதான், அதுதான் தாங்க முடியவில்லை. உள்ளே போய் ஃபேனுக்குப் பக்கத்தில்தான் நின்றான், வேறென்ன செய்வது. ஜன்னல்களை அடைத்துக் கறுப்புத் துணி மாட்டியிருந்தார்கள், ஆனாலும் ஒரு ஓரமாக வெயில் கத்தி மாதிரி உள்ளே விழுந்து, ஆடுகிறவர்களின் முழங்காலை வெட்டி வெட்டிக் காட்டியது. நாற்பது ஐம்பது பிள்ளைகள் இருக்கும், முழுக்கை ஜெர்ஸி, அதன் மேல் அம்மாவின் பட்டுத் துப்பட்டா ஒருத்திக்கு, இன்னொருத்தன் சாரம் கட்டியிருக்கிறான், கீழே ஓட்டக்காரர்களின் காலணி, காப்பிக் கோப்பையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஆடுகிறார்கள், ஒரு சொட்டு சிந்தவில்லை. வாக்கியம் தானாக வந்தது: 'இந்தத் தலைமுறை மயங்குவதற்கு ஆடுவதில்லை, விழித்திருப்பதற்கு ஆடுகிறது'... நன்றாக இருக்கிறதே, நன்றாக இருக்கிறதா, இல்லை, பொய்யாக இருக்கிறது, அவர்கள் எதற்கு ஆடுகிறார்கள் என்று உனக்கு என்ன தெரியும், ஒருத்தனிடமாவது போய்ப் பேசினாயா, ஃபேன் காற்றில் நின்றுகொண்டு தீர்ப்பு எழுதுகிறாய். துப்பட்டாக்காரி அவனைப் பார்த்துச் சிரித்தாள், அவன் திரும்பிப் பார்த்தான், பின்னால் யாரும் இல்லை, அதற்குள் அவள் வேறு பக்கம் போய்விட்டாள். யாரோ ஒரு பையன் வாசித்துக்கொண்டிருந்தான், அடிநாதம் கொஞ்சம் சேறாக இருந்தது, நடு ஸ்தாயி தெளிவு... பழக்க தோஷம், காது அது பாட்டுக்கு வேலை செய்கிறது.

அவளை முதலில் பார்க்கவில்லை, கேட்டான், பின்பக்கத்துச் சமையல்கட்டு மாதிரி ஒரு இடத்திலிருந்து அந்தச் சிரிப்பு, மூக்கில் ஆரம்பித்துத் தொண்டையில் முடிகிற சிரிப்பு. கால் தன்னால் நகர்ந்தது. யும்னா ஒரு தகர டப்பாவின் மேல் உட்கார்ந்து ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள், சாம்பல் நிறத் துண்டைத் தலையில் கட்டியிருந்தாள், கொஞ்சம் மெலிந்திருந்தாள், கண்ணுக்குக் கீழே கருவளையம், அவனைப் பார்த்ததும் ஒயரை விட்டுவிட்டாள். டெஸ், என்றாள். கோபம் இல்லை. கோபத்துக்காகத்தான் அவன் தயாராக வந்திருந்தான், கோபம் இல்லாத முகத்தை என்ன செய்வது, கடைசியில் ரயிலில் ஒத்திகை பார்த்ததே வெளியே வந்தது, குசலம்கூட விசாரிக்காமல்.

"யும்னா, அந்த ரெண்டாவது பாதி... நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"எந்த ரெண்டாவது பாதி?"

"உன் ட்ராக். கப்பல் பட்டறை. நீ அனுப்புனியே, கடைசியா."

"ஓ, அதுவா." அவளுக்கு ஞாபகம் வரவே கொஞ்ச நேரம் பிடித்தது. "அதப் பத்தி நீ ஒண்ணுமே சொல்லலயே லா. பதிலே வரல. அந்த நேரத்துல அதெல்லாம் யாருக்கு வேணும், விடு." பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "அம்மா எப்படி இருக்காங்க? இன்னும் என் மேல கோவமா?"

அம்மாவா? உன் மேலேயா? என்று அவன் கேட்டிருக்க வேண்டும். அவள் அவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, இரண்டு வருஷமாகச் சொல்ல வைத்திருந்ததைச் சொல்லிவிடுகிற அவசரம் அவளுக்கும் இருந்தது போல.

"எனக்கு அவங்க மேல வருத்தமே இல்ல, சத்தியமா. அவங்க வேணாம்னு சொன்னதுல என்ன தப்பு, ஒரே மகன். எங்க அத்தாவும் அப்படித்தான், நான் கேட்ட அன்னைக்கு முகத்தத் திருப்புனவரு, நோன்புப் பெருநாள் வரைக்கும் எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. அவர எப்படியாவது சமாளிச்சிடலாம்னு இருந்தேன், அதுக்குள்ள உன் மெசேஜ். அன்னைக்கு நான் அழுத அழுகை... சரி, போவட்டும். ஆனா நீ கேட்டே டெஸ். ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ. அதுதான் எனக்குப் பெருசு. நெறைய பேரு கேக்கக்கூட மாட்டாங்க. கேக்கிறேன் கேக்கிறேன்னு சொல்லிட்டு ஓடிருவாங்க." ஒயரின் முனையைத் திருகிக்கொண்டே சொன்னாள், "ஜூன்ல எனக்கு நிக்காஹ். ரவூப்னு பேரு, ஸ்கூல்ல கணக்கு டீச்சர், பாட்டு சுத்தமா தெரியாது, நல்ல மனுஷன். நீ வரணும். அம்மாவும் வரணும், வந்தா எனக்கு ரொம்ப சந்தோஷம். வருவாங்களான்னு கேட்டுச் சொல்லு."

வெளியே யாரோ அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்து, அவன் முழங்கையை ஒரு தரம் பிடித்து அழுத்திவிட்டு, வாசிக்கிற டேபிளுக்குப் போய்விட்டாள். அவன் அந்தத் தகர டப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றான். கேட்டியா. கேட்டேன். ரெண்டு தடவ கேட்டேன். பாதிக்கு மேல வேணாம். அங்கயே கட் பண்ணிடு. மனசுல வச்சுக்காத... ஆண்டவரே. ஒவ்வொரு வார்த்தையும் அப்படியே திரும்பி உட்கார்ந்துகொண்டது, ஒன்றுகூடப் பிசகவில்லை. பாட்டைக் கேட்டேன் என்றல்லவா சொன்னேன். அவளோ, அம்மாவிடம் கேட்டேன், பாதியில் நிற்கிற கல்யாணப் பேச்சை அங்கேயே வெட்டிவிடு என்றல்லவா படித்திருக்கிறாள். ஒரு வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் வைத்துத் தொலைத்தார்களே, பாட்டைக் கேட்பதும் கேட்பதுதான், அம்மாவிடம் சம்மதம் கேட்பதும் கேட்பதுதான். இப்போதே ஓடிப் போய் டேபிளுக்குக் குறுக்கே நின்று, ஐயோ அப்படி இல்லை யும்னா, நான் சொன்னது உன் பாட்டை, அம்மா உன்னை வேண்டாம் என்று சொல்லவே இல்லை என்று கத்திவிட்டால் என்ன? கத்தினால் அவள் கேட்பாளே: அப்ப நீ அம்மாகிட்ட கேக்கவே இல்லையா? கேட்கவில்லை. கேட்கவில்லைதான். ஒரு தடவைகூட இல்லை. அவள் அப்பாவிடம் நின்று கேட்டு, பேச்சில்லாத வீட்டில் மாசக்கணக்கில் சோறு தின்றிருக்கிறாள், இவன்... இரண்டு வருஷமாக அவள் கையில் பிடித்துக்கொண்டிருப்பது அந்த ஒன்றுதான், டெஸ்மண்ட் கேட்டான் என்பது, அதையும் பிடுங்குவதா? பிடுங்காமல் விட்டால் வாயில்லாப் பூச்சி அம்மா தலையில் அந்தப் பழி, கல்யாணப் பந்தலிலும் அந்தப் பழியோடு போய் உட்காருவாள், யும்னா ஏன் தன்னை இப்படிப் பாவமாகப் பார்க்கிறாள் என்றுகூடப் புரியாமல். அது மட்டுமா, உனக்கு உண்மையிலேயே அன்றைக்குப் புரியவில்லையா டெஸ்மண்ட்? பாட்டு வந்தது வியாழக்கிழமை. கேட்டியா என்று வந்தது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பூசை முடிந்து வீட்டுக்கு வந்த நேரம். அன்றைக்குக் கோயில் வாசலில் அம்மா என்று கூப்பிட்டாய், என்னடா என்று நின்றாள், வெயிலுக்குக் கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டு உன் முகத்தையே பார்த்தாள், நீ ஒண்ணுமில்ல, டாக்ஸி புடிக்கவா என்றாய். பஸ்ஸில் ஏறியதும் ஹெட்ஃபோனை எடுத்து மாட்டிக்கொண்டாய். அந்தப் பாட்டைத்தான் போட்டாய், முதல் பாதியைத் திரும்பத் திரும்ப, வீடு வந்த பிறகும். அப்போது வந்த வார்த்தைக்கு எந்த அர்த்தம் சௌகரியமோ அந்த அர்த்தத்தை எடுத்துக்கொண்டாய். இத்தனை வருஷம் கேட்ட பாட்டெல்லாம் காதை அடைத்துக்கொள்ளத்தானா... இல்லை, அப்படி இல்லை, பாட்டு நிஜம், பாட்டு எனக்கு நிஜம் என்று அவனுக்குள் ஒன்று அழுதது. அழட்டும்.

அவள் வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். பின்பக்கத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு இரும்புப் படிக்கட்டுக்கு வந்தான், கீழே சந்து, கறிவேப்பிலைக் கட்டுகளை ஒருத்தர் தண்ணீர் தெளித்துச் சாக்கால் மூடிக்கொண்டிருந்தார், இன்னும் வெயில் இருந்தது. கைப்பேசியை எடுத்தான். அவன் வெளியே போனால் வீட்டுக்கு அழைக்கிற வழக்கமே கிடையாது, இரண்டாவது மணியடிப்பிலேயே அம்மா எடுத்துவிட்டாள்.

"டெஸ்மண்டு? எங்கடா இருக்க? அடி கிடி பட்டுருச்சா?"

"ஒண்ணுமில்லம்மா. சும்மாதான்."

"சும்மா நீ போன் பண்ண மாட்டியே."

வாணலியில் ஏதோ பொரிகிற சத்தம் கேட்டது. யும்னாவைப் பார்த்தேன், அவளுக்குக் கல்யாணம், ஜூன்ல, உங்களையும் கூப்பிட்டா என்று ஒரே மூச்சில் சொன்னான். அந்தோனியம்மாள் எதையோ வாணலியில் திருப்பிப் போட்டாள். பிறகு, நல்லா இருக்கட்டும், தங்கமான புள்ள என்றாள். பையன் யாரு, எந்த ஊரு என்று வரிசையாக வரும் என்று எதிர்பார்த்தான், வரவில்லை. இந்த இடத்தில் சரிம்மா வைக்கிறேன் என்று வைத்துவிடலாம், வாயில் வந்தும்விட்டது, அதை விழுங்கினான்.

"அம்மா, நான் அவளக் கட்டிக்கட்டுமான்னு உங்ககிட்ட கேட்டிருந்தா, நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?"

பொரிகிற சத்தம் நின்றது. அடுப்பை அணைத்திருக்கிறாள். நாற்காலி தரையில் இழுபடுகிற ஓசை, முழங்கால் வலியோடு மெல்ல உட்காருகிற ஒரு மூச்சு, எல்லாம் அவனுக்கு ஒவ்வொன்றாகக் கேட்டது.

"இத இப்பத்தான் கேக்கத் தோணுச்சாடா ஒனக்கு?"

அது திட்டா, அழுகையா, நல்ல வேளை என்கிற நிம்மதியா, ஒன்றும் பிடிபடவில்லை. முன்பின் தெரியாத பையன் ஒருத்தன் இரண்டு பீட் போட்டாலே அவன் எந்த மனநிலையில் இருக்கிறான் என்று பக்கம் பக்கமாக எழுதிவிடுகிற ஆள், முப்பத்தேழு வருஷம் கூட இருந்தவளின் குரலில் இருப்பது ஆமாவா இல்லையா என்று தெரியாமல் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அம்மா என்றான். அவள் போனை வைத்துவிடவில்லை. அப்போது யாரோ காற்றுக்காகக் கதவைத் திறந்து கல்லை முட்டுக்கொடுத்துவிட்டுப் போனார்கள், பாட்டு மொத்தமும் படிக்கட்டில் வந்து விழுந்தது.

"என்னடா சத்தம் அது?"

"அவதாம்மா. யும்னாதான் வாசிக்கிறா."

"போன அப்படியே புடி," என்றாள் அந்தோனியம்மாள். "வச்சிராத. நானும் கொஞ்சம் கேக்கிறேன்."

அவன் கையை நீட்டிக் கைப்பேசியைக் கதவுப் பக்கமாகப் பிடித்தான். இனி அம்மா ஏதாவது சொன்னாலும் அவன் காதுக்கு வராது. தோள் வலித்தது, கை மாற்றினால் ஒரு நொடி அவளுக்குச் சத்தம் விட்டுப் போகும் என்று மாற்றாமலே நின்றான். உள்ளே யும்னா தலையைக் குனிந்துகொண்டு வாசித்துக்கொண்டிருந்தாள், முடிந்ததும் நிமிர்ந்து பார்ப்பாள், அம்மா வர்றாங்களாமா என்று கேட்பாள். அதற்கு என்ன சொல்வது என்று இன்னும் அவனுக்குத் தெரியவில்லை, வியர்வையில் கைப்பேசி வழுக்கியது, இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.